ராத்திரி மூன்று மணிக்கு அம்மாவை அதட்டிவிட்டேன்

உறையூர்க்காரி (பின்னிரவு 3:52)

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். யாராவது விழித்திருந்தால் படியுங்கள், இல்லாவிட்டால் காலையில் படியுங்கள்.

அம்மாவுக்கு 81 வயது. மறதி நோய் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர், போய்ச் சேர்ந்து 14 வருஷம். பத்து நாளாக அம்மா ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்து அடுக்களைக்குப் போய் டிபன் கேரியரைத் தேடுகிறாள். அப்பாவுக்குக் காலை ஷிப்டாம், கட்டிக் கொடுக்கணுமாம். முன்பும் செய்வாள், மாதத்தில் ஒரு நாள், இரண்டு நாள். இப்போது தினமும். இன்று கேஸைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஓடிப் போய்க் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா செத்து 14 வருஷமாச்சு, இன்னும் யாருக்குச் சோறு கட்டுறே" என்று கத்திவிட்டேன். அந்தச் சேதியை அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிற மாதிரி தரையில் உட்கார்ந்து அழுதாள். மணிக்கட்டில் வளையல் பதிந்து சிவந்திருக்கிறது. கால் மணி நேரத்தில் எல்லாவற்றையும் மறந்து தூங்கிவிட்டாள். எனக்குத்தான் மறக்கவில்லை.

எனக்கு வயது 54. ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்த்தேன், போன ஜூனில் விட்டுவிட்டேன். வீட்டுக்காரருக்கு லாரி புக்கிங் ஆபீஸ், ராத்திரி பத்துக்கு வருவார். தம்பி புனேயில். ஞாயிறுதோறும் போன் செய்து, அம்மாவை வாக்கிங் கூட்டிட்டுப் போ, வால்நட் கொடு என்பான். அம்மாவுக்குப் பிரஷர் பார்க்க வந்த பெண் எனக்கும் பார்த்துவிட்டு 160/100 என்று சொல்லி ஒரு மாதமாகிறது. எல்லோரும் "உன்னையும் பார்த்துக்கோ" என்கிறார்கள். எப்படி என்று மட்டும் ஒருத்தரும் சொல்வதில்லை.

மில் ரிட்டயர்டு, கோவை (காலை 5:10)

அம்மிணி, நானும் கத்தியிருக்கிறேன். கத்தியதோடு போகவில்லை, குளிப்பாட்டும்போது அப்பா என் மேல் துப்பிவிட்டார் என்று சொம்பைத் தூக்கிச் சுவரில் அடித்தேன், அந்தச் சொம்பு நசுங்கிய வயிற்றோடு இன்னும் எங்கள் பாத்ரூமில்தான் இருக்கிறது. பக்கவாதம் வந்து நாலு வருஷம் படுக்கையில் இருந்தார். 70 கிலோ ஆள். நான் ஒருத்தனாகவே கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்குவேன், பெருமையாகக்கூட இருக்கும். எட்டாவது மாதம் டிஸ்க் நகர்ந்து நானும் பக்கத்துக் கட்டிலில் விழுந்தேன். அப்புறம்தான் பிசியோதெரபி தம்பி சொல்லிக் கொடுத்தார்: ஆளைத் தூக்கவே கூடாது, பெட்ஷீட்டை நாலாக மடித்துத் தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் கொடுத்து, இரண்டு பக்கமும் ஆள் நின்று துணியைத்தான் இழுக்கணும், முழங்காலை மடக்கணும், முதுகை வளைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வரும் என்று ஊரே எனக்குச் சொன்னது. புரட்டுகிறவன் முதுகைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். கடைசியாக எப்போது நாலு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கினீர்கள்?

உறையூர்க்காரி (காலை 5:31)

ஆடியில் நாத்தனார் வந்தபோது. இப்போது ஐப்பசி.

வார்டு சிஸ்டர், மதுரை (காலை 6:45)

தங்கச்சி, மனசு ஆறுதலெல்லாம் பிறகு. முதலில் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் 31 வருஷம் வேலை பார்த்தவள் நான். மாதம் ஒரு நாள் நடந்தது பத்து நாளாகத் தினமும் நடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குக் கண்ணில் பட்டது. மறதி நோய் மெல்ல மெல்லத்தான் கூடும். பத்து நாளில் தடாலென்று கூடினால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். யூரினில் கிருமி, ரத்தத்தில் சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த மாத்திரை, இந்த நாலும்தான் வயசானவர்களிடம் நான் அதிகம் பார்த்தது. யூரின் கிருமி என்றால் எரிச்சல், காய்ச்சல் வரும் என்று நினைப்போம். 80 வயதில் அதெல்லாம் வராமல் குழப்பம் மட்டுமே வரலாம். இன்றைக்கே யூரின் டெஸ்டும் சோடியமும் பார்த்துவிடுங்கள். பிரஷருக்கு நீர் மாத்திரை சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று அட்டையைப் பாருங்கள், அது சோடியத்தைக் குறைக்கும். குறைவு என்று ரிப்போர்ட் வந்தால் நீங்களாக உப்பைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், டாக்டர் பார்த்துச் செய்கிற வேலை.

வீட்டில் கிடக்கிற தூக்க மாத்திரையை ராத்திரிக்கு ஒன்று கொடுத்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். வேண்டாம். குழப்பம் கூடும், கீழே விழுந்து இடுப்பு எலும்பு போகும்.

ராத்திரி கேஸ் ரெகுலேட்டரைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அப்பா இல்லை என்று இனிமேல் சொல்லாதீர்கள், ஒவ்வொரு தடவையும் அவர்களுக்கு அது புதுச் சாவு. "இன்னைக்கு ஷிப்ட் மாத்திட்டாங்களாம், மத்தியானம்தான் போறார்" என்று சொல்லிப் பாருங்கள்.

நல்லதே நடக்கும் (காலை 7:20)

சகோதரி, தினமும் அதிகாலை எழுந்து பிராணாயாமம் செய்யுங்கள், மனசுக்குப் பிடித்த பாட்டைக் கேளுங்கள், எல்லாம் சரியாகிவிடும். தாய்க்குச் செய்யும் சேவை வீண் போகாது.

சேலத்து மருமகள் (காலை 7:34)

அதிகாலை எழுந்தா? அவர் படுக்கவே இல்லை சார்.

நல்லதே நடக்கும் (காலை 7:41)

நல்ல எண்ணத்தில் சொன்னேன் மேடம்.

சேலத்து மருமகள் (காலை 8:15)

தெரியும் சார், கோபமில்லை. ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. என் மாமியாரை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறேன், பார்க்கின்சன்ஸ். சேவை, புண்ணியம், கோயிலே வேண்டாம் உனக்கு என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள், காபி குடித்துவிட்டுப் போவார்கள். போன மாசம் ஒரு சித்தி அப்படிச் சொன்னபோது, புண்ணியத்தில் பாதி உங்களுக்குத் தருகிறேன் சித்தி, சனிக்கிழமை மத்தியானம் மூணு மணி நேரம் வந்து உட்காருங்கள் என்றேன். அதற்கப்புறம் போன் கூட இல்லை.

அக்கா, நீங்கள் பெற்ற பெண், அதட்டினாலும் அழுதாலும் ஊர் ஒன்றும் சொல்லாது. மருமகள் ஒரு வார்த்தை உரக்கப் பேசினால் அடுத்த தெரு வரைக்கும் போகும். அதனால் நான் அடக்கி அடக்கி, கடைசியில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் விரிசல் விட்டது. பல் டாக்டர்தான் கேட்டார், ராத்திரியில் பல்லைக் கடிக்கிறீர்களா என்று. பகலில்தான் டாக்டர் என்றேன்.

ஓய்வு என்பது யாராவது பாவம் பார்த்துக் கொடுக்கிற நாளாக இருந்தால் அது வராது. கிழமையும் நேரமும் போட்டு வாங்க வேண்டும். எனக்குச் செவ்வாய், வெள்ளி மாலை நாலு முதல் ஏழு வரை. வீட்டுக்காரர் சீக்கிரம் வந்துவிடுவார், முடியாத நாளில் பக்கத்துத் தெரு அம்மா வருவார், அவருக்குச் சம்பளம் உண்டு. அந்த மூன்று மணி நேரத்தில் நான் ரேஷன் கடைக்கோ மருந்துக் கடைக்கோ போவதில்லை. ஆரம்பத்தில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன், ஓய்வு நேரத்திலேயும் அவர்கள் வேலை. இப்போது கண்டிப்பாக மாட்டேன்.

ஷார்ஜா தம்பி (முற்பகல் 11:02)

நான் அந்தப் புனே தம்பி ஜாதி. திட்டினாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன். அப்பாவை விருதுநகரில் அக்கா பார்த்துக்கொள்கிறாள், நான் 13 வருஷமாக இங்கே. நானும் வால்நட் சொன்னவன்தான். ஏன் சொல்கிறோம் தெரியுமா, வேறு என்ன சொல்வது என்று தெரியாது. போனை வைத்தபிறகு ஒரு மாதிரி இருக்கும், அந்த நேரத்தில் யூடியூபில் எதையாவது பார்ப்பது, அதை அக்காவுக்கு அனுப்புவது. பணம் அனுப்புகிறேன், அதுவும் சும்மா வருவதில்லையே.

சேலத்து மருமகள் (முற்பகல் 11:20)

பணம் சும்மா வருகிறது என்று யார் சொன்னது? அக்காவின் ராத்திரியும் சும்மா வரவில்லை என்றுதான் சொல்கிறோம். நீங்கள் லீவு போட்டால் லீவு. அவர் லீவு போட முடியுமா?

ஷார்ஜா தம்பி (முற்பகல் 11:48)

சரி, அதைத்தான் சொல்ல வந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் அக்கா ஒரு நாள் போனில், "உனக்கு அப்பா சாப்பிட்டாரான்னு மட்டும்தான் கேட்கத் தெரியும்" என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் சில வேலைகளை முழுசாக என் தலையில் எடுத்துக்கொண்டேன். டயப்பர், பேட், மருந்து எல்லாம் மாதம் முதல் வாரம் நானே இங்கிருந்து ஆர்டர் போட்டுவிடுவேன், தீர்ந்துபோச்சு என்று அக்கா எனக்குச் சொல்ல வேண்டிய நிலை வரக் கூடாது. டாக்டர் அப்பாயின்ட்மென்ட், கரண்ட் பில், வீட்டு வரி, பென்ஷன் உயிர்ச்சான்று எல்லாம் நான். சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்வதும் நான்தான், அக்காவுக்குப் போன் போட்டு விசாரிக்காதீர்கள், எனக்குப் போடுங்கள் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன், சண்டையே வந்தது. வருஷத்தில் பதினைந்து நாள் ஊருக்கு வரும்போது முன்பு அக்காவும் அங்கேயே இருப்பாள், விருந்து வேறு சமைப்பாள். இப்போது நான் வந்த மறுநாள் அவள் மகள் வீட்டுக்கு ஓசூர் போய்விடுகிறாள். முதல் தடவை அப்பாவுக்கு நான் பேட் மாற்றியபோது எனக்கு வாந்தி வந்தது. வெட்கமாக இருந்தது, ஆனால் வந்தது.

உறையூர்க்காரி (பிற்பகல் 1:15)

இதை அப்படியே தம்பிக்கு அனுப்பிவிட்டேன். நீல டிக் வந்துவிட்டது. பதில் வரவில்லை.

யூரினும் ரத்தமும் கொடுத்துவிட்டு வந்தேன் சிஸ்டர். மாத்திரை அட்டையில் நீங்கள் சொன்ன மாதிரி நீர் மாத்திரை சேர்ந்துதான் இருக்கிறது. உப்பு வேறு நான் குறைத்துத்தான் போடுகிறேன், பிரஷர் என்று.

குன்றத்தூர் வாசகன் (பிற்பகல் 2:05)

தம்பி மேல் வழக்குப் போட முடியாதா? பெற்றவர்களைக் கவனிக்காத பிள்ளைகள் மேல் சட்டம் இருக்கிறதே.

பழைய கேஷியர் (பிற்பகல் 3:30)

இருக்கிறது, 2007ஆம் வருஷத்துச் சட்டம். கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம், மாதம் 10,000 ரூபாய் வரைக்கும் ஜீவனாம்சம் போடலாம். பெற்றவர்கள் மனுப் போட வேண்டும், அவர்களால் முடியாவிட்டால் அவர்கள் சார்பில் இன்னொருவர். ஆனால் இந்த வீட்டில் பிரச்சினை அது இல்லையே சார். அந்தச் சட்டம் பெற்றவர்களுக்கு வர வேண்டிய பணத்தைப் பற்றிப் பேசுகிறது, ராத்திரி மூன்று மணிக்கு யார் எழுந்திருப்பது என்று அதில் எங்கும் இல்லை.

நான் வங்கியில் இருந்தவன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அம்மா கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால் சிரமம். பவர் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று பலர் கடைசி நேரத்தில் கிளம்புகிறார்கள். எழுதிக் கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் அந்தப் பவரும் செல்லாமல் போய்விடும், 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே அப்படி இருக்கிறது. ஆகவே மறதி ஆரம்பக் கட்டத்தில், அவர்களுக்கு விவரம் புரிகிற காலத்திலேயே இதையெல்லாம் பேசி முடிக்க வேண்டும். தாண்டிவிட்டால் வக்கீலைப் பார்த்து, கோர்ட் வழியாகக் காப்பாளர் ஏற்பாடு பற்றிக் கேட்பதுதான் வழி.

அப்புறம் ஒரு விஷயம். அப்பா ரயில்வே என்கிறீர்கள், அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குவார். 80 வயது முடிந்தவுடன் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக வரவேண்டும், 85 முடிந்தால் 30. அது ஏறியிருக்கிறதா? நவம்பர் உயிர்ச்சான்றுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு அலைய வேண்டாம், போனில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமாண் என்கிற மின்னணு உயிர்ச்சான்று செய்யலாம், இல்லையென்றால் தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து கொடுக்கிறார், அதற்குச் சிறு கட்டணம் உண்டு.

உறையூர்க்காரி (மாலை 5:40)

பாஸ்புக்கைப் பார்த்தேன் சார். போன வருஷத்திலிருந்தே ஏறித்தான் வருகிறது. நான்தான் பார்க்கவில்லை, மளிகையோடு மளிகையாகப் போய்க்கொண்டிருக்கிறது.

பழைய கேஷியர் (மாலை 5:52)

அப்படியானால் அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். வயது ஏறினால் செலவும் ஏறும் என்றுதான் அதைக் கொடுக்கிறார்கள். வாரத்தில் ஒரு மத்தியானம் ஆள் வைப்பதற்கு அம்மாவின் பணத்தையே எடுங்கள், அதில் தப்பு ஒன்றும் இல்லை.

சேலத்து மருமகள் (மாலை 6:30)

ஆள் வைப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏஜென்சி வழியாக 12 மணி நேர ஆள் வைத்துப் பார்த்தேன், மூன்று மாதத்தில் ஐந்து பேர் மாறினார்கள், மாமியாருக்கு ஒவ்வொரு முகத்தைப் பார்க்கும்போதும் பயம். அப்புறம் தெருவிலேயே தெரிந்த ஒருவரை வைத்தேன். முதல் நாளே ஆளை விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள், நாலு நாள் கூடவே இருங்கள். எந்த டம்ளரில் காபி கொடுத்தால் குடிப்பார், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்பதெல்லாம் பேப்பரில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். என்ன சமைத்தீர்களோ அதையே அவருக்கும் கொடுங்கள், பழையதைக் கொடுத்துவிட்டு அம்மாவை அன்பாகப் பார்க்கச் சொன்னால் எப்படி. அவர் வீட்டிலும் ஒரு கிழவி படுத்திருக்கலாம், என் வீட்டுக்கு வருகிறவருக்கு உண்மையிலேயே அப்படித்தான்.

அண்ணா நகர் மேற்கு (இரவு 9:10)

சென்னைக்காரர்களுக்காக எழுதுகிறேன். கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் 2024 பிப்ரவரியில் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது, 200 படுக்கை, வயசானவர்களுக்கு என்றே உள்ள இடம். ஸ்கார்ஃப் என்கிற மனநலத் தொண்டு அமைப்பு மறதி நோய்க் குடும்பங்களுக்கும் வேலை செய்கிறது.

வெளியூரில் இருப்பவர்கள் மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற பெண்ணிடம் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுப்பதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்குப் பிசியோவும் வலி நிவாரணக் கவனிப்பும் அதில் உண்டு, பலருக்கு அந்த இரண்டாவது பாதி தெரிவதில்லை.

ராத்திரி மூன்று மணிக்கு யாரிடம் பேசுவது என்றால் 14416, டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசு கிடையாது. நான் பேசியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை, "ம், சொல்லுங்க" என்று இருபது நிமிஷம் கேட்டார். முதியோர் தொடர்பான விவரம் வேண்டும் என்றால் 14567.

மில் ரிட்டயர்டு, கோவை (இரவு 9:35)

அம்மிணி, உங்கள் பிரஷர் மாத்திரை விஷயம் அப்படியே நிற்கிறது, நான் மறக்கவில்லை. அப்பாவுக்கு 9 மணி மாத்திரையை ஒரு நாள் தவறாமல் கொடுத்தவன் நான், என் சர்க்கரையைப் பார்த்தபோது 340. நீங்கள் ஒன்று செய்யுங்கள், உங்கள் மாத்திரையை அம்மாவின் மாத்திரை டப்பாவிலேயே, வேறு நிற மூடி போட்டு வையுங்கள். அம்மாவுக்குக் கொடுக்க அதைத் திறக்கத்தானே போகிறீர்கள்.

உறையூர்க்காரி (25 நாள் கழித்து, இரவு 8:20)

உடனே வந்து எழுத முடியவில்லை, மன்னிக்கணும்.

சோடியம் 121. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு லேப்காரரே போன் செய்தார். அன்றைக்கே சேர்த்து, நாலு நாள் ஆஸ்பத்திரி. நீர் மாத்திரையை நிறுத்திப் பிரஷருக்கு வேறு மாற்றினார்கள். சிஸ்டர், நீங்கள் சொல்லாவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துத் தினமும் அதட்டிக்கொண்டே இருந்திருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. மறதி அப்படியேதான் இருக்கிறது, ராத்திரி எழுந்திருப்பது மட்டும் பழையபடி எப்போதாவது என்று ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரி என்றதும் தம்பி வந்துவிட்டான். வந்தவனை ஒன்பது நாள் விடவில்லை. வீட்டுக்கு வந்த இரண்டாவது ராத்திரி நான் மாடியில் தனியாகப் படுத்தேன். மூன்று மணிக்குக் கீழேயிருந்து, "அக்கா, அம்மா கேரியரை எடுக்கிறா, என்ன பண்ணட்டும்" என்று குரல். போகவில்லை. "ஷிப்ட் மாத்திட்டாங்கன்னு சொல்லு" என்று மாடியிலிருந்தே சொன்னேன். கொஞ்ச நேரம் ஏதோ பேச்சுச் சத்தம், அப்புறம் அடங்கிவிட்டது. காலையில் பார்த்தால் கேரியர் நாலு அடுக்கும் கழுவித் துடைத்துத் திண்ணையில் இருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து கழுவினார்களாம். தம்பிக்குக் கண்ணெல்லாம் சிவப்பு. வால்நட் பேச்சு இப்போது இல்லை. டயப்பரும் மருந்தும் புனேயிலிருந்து அவனே ஆர்டர் போடுகிறான், முதல் தடவையே தப்பான சைஸ் வந்தது, திருப்பி அனுப்பினேன்.

புதன்கிழமை இரண்டு முதல் ஆறு எனக்கு. கீழ்த்தெருவிலிருந்து ஒருவர் வருகிறார், பென்ஷனில் ஏறிய பணத்திலிருந்து கொடுக்கிறேன். முதல் புதன் எங்கே போவது என்று தெரியாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது, பங்குனியில் ஒரு பிளவுஸ் தைக்கக் கொடுத்தது. போனால் டெய்லர் கடையே இடம் மாறியிருக்கிறது, விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தேன். "அக்கா நீங்க ஊரை விட்டே போயிட்டீங்கன்னு நினைச்சேன்" என்றார். கை பிடிக்கிறது, பிரித்துத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலில் உட்கார்ந்துகொண்டு, "யாரும்மா நீ, பஸ் கிடைச்சுதா?" என்றாள். கிடைச்சுது என்றேன்.

வார்டு சிஸ்டர், மதுரை (இரவு 8:41)

சந்தோஷம் தங்கச்சி. சோடியம் மறுபடி எப்போது பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்? உங்கள் பிரஷர் எவ்வளவு?

உறையூர்க்காரி (இரவு 8:50)

திங்கள்கிழமை. எனக்கு 146/90, நேற்று பார்த்தது. மாத்திரை பச்சை மூடி டப்பாவில்.